தட்டாத தூள்

1974 மழைக்காலத்தில் சுந்தரேசனுக்கு ஒரே கவலைதான். துர்கா பூஜைக்குள் மாத்திரைகளின் எடை சீராகாவிட்டால் மாத்திரைப் பிரிவையே மூடிவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார். அங்கே பதினான்கு பேர் வேலை செய்தார்கள்.

கல்கத்தாவில் டாக்குரியா ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த சின்ன மருந்துக் கம்பெனியில் அவர் கெமிஸ்ட். மருந்துத் தூள் இயந்திரத்துக்குள் தடையில்லாமல் இறங்கினால்தான் எல்லா மாத்திரையும் ஒரே எடையில் வரும். ஈரக்காற்றில் தூள் அடம்பிடித்தது. ஒரு மாத்திரை கனத்தது, அடுத்தது இளைத்தது. ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு முறை சரக்கு திரும்பி வந்துவிட்டது. தூளின் ஓட்டத்தை முன்கூட்டியே அளந்து சொல்லும் கருவி வெளிநாட்டில் இருந்தது. அதன் விலைக்கு இங்கே இன்னொரு மாத்திரை இயந்திரமே வாங்கலாம்.

அதனால் அவரே ஒன்று செய்தார். ஹௌராவில் ஒரு லேத் பட்டறையில் பித்தளைப் புனல் கடையச் சொல்லி, உள்பக்கத்தை வழவழவென்று மெருகேற்றி வாங்கிவந்தார். புனலின் அடிவாயை விரலால் அடைத்துக்கொண்டு நூறு கிராம் தூளைப் போட வேண்டும். விரலை எடுத்ததும் முழுத்தூளும் விழ எத்தனை விநாடி ஆகிறதென்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான் கருவி.

ஆனால் ஒரே தூள் இரண்டு பதில் சொன்னது. மாத்திரை இயந்திரத்தில் பல வருஷம் வேலை பார்த்த அனிமா தி இதில் அவருக்கு உதவியாளர்; 'தி' என்றால் வங்காளியில் அக்கா. அனிமா தி போட்டால் பதினொரு விநாடியில் கொட்டிவிடும். சுந்தரேசன் போட்டால் பாதியில் நின்றுவிடும்.

"என்ன சுந்தர் பாபு, தூளுக்கு வங்காளிதான் புரியும் போல. நான் சொன்னா இறங்குது, நீங்க சொன்னா முறைச்சுக்கிட்டு நிக்குது" என்று அனிமா தி வங்காளியில் கேலி செய்தார்.

சுந்தரேசன் சிரிக்கவில்லை. 'உதவியாளரின் கவனக்குறைவு' என்று நோட்டில் எழுதி வைத்தார்.

பூஜைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் காபி போடுவது அவர் முறை. லேக் மார்க்கெட்டில் அரைத்து வாங்கிய தூளை ஃபில்டரில் போட்டு, கொதிக்கும் தண்ணீரை ஊற்றி மூடினார். அரைமணி ஆகியும் டிகாஷன் இறங்கவில்லை. மனைவி நாகலக்ஷ்மி வந்து திறந்து பார்த்தாள்.

"மறுபடியும் ஸ்பூனால தட்டினேளா?"

"பழக்கம்டி."

"கல்யாணமான நாள்லேர்ந்து சொல்றேன். தட்டித் தட்டி இறுக்கினா எப்படி இறங்கும்? இன்னிக்குத் தூளை அப்படியே மென்னு தின்னுங்கோ."

அவர் தன் வலது கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் அனிமா தியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு புனலில் தூளைப் போட்டார். "இப்ப நான் என்ன பண்ணினேன்?"

"கரண்டியால நாலு தட்டு தட்டினீங்க. தினமும் தட்டுவீங்களே."

"ஏன் சொல்லல?"

"கெமிஸ்ட் பாபு தட்டினா அதுக்கு ஏதோ சாஸ்திரம் இருக்கும்னு நினைச்சேன்."

நோட்டில் எழுதியிருந்த வரியை அனிமா திக்குப் படித்துக் காட்டி, அவர் எதிரிலேயே அதைக் கோடிட்டு அடித்துவிட்டு மன்னிப்புக் கேட்டார் சுந்தரேசன். அனிமா தி தராசைத் துடைத்து முன்னால் வைத்தார். பிறகு, "சரி, நாழியாகுது. தூளை எடுங்க" என்றார்.

அந்தத் தட்டலும் வீண்போகவில்லை. ஒரு கண்ணாடிக் குழாயில் தூளை நிரப்பி நூறு தட்டு தட்டினார்கள். அதிகம் அமுங்கிய தூள்தான் இயந்திரத்திலும் சிக்கியது. அதன்பின் தினமும் காலையில் புனலும் குழாயும் சொன்னபடி, ஈரம் ஏறிய தூளை மறுபடி உலர்த்திய பிறகே இயந்திரத்தில் போட்டார்கள். பூஜைக்கு நாலு நாள் முன்னால் எடைச்சீட்டு முதலாளியிடம் போனது. ஒரு மாத்திரைகூட வரம்பு தாண்டவில்லை. "சரி, நடக்கட்டும்" என்றார் முதலாளி. பதினான்கு பேரும் வேலையோடு பூஜைக்குப் போனார்கள்.

பின்னால் வேறு சின்னக் கம்பெனிக்காரர்கள் அந்தப் புனலைப் பார்த்துப்போக வருவார்கள். சுந்தரேசன் முதலில் அனிமா தியைக் கூப்பிட்டு, "இவங்க கைதான் சரியான கை" என்று சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வார். வீட்டுக்கு வந்தவர்களிடம் நாகலக்ஷ்மியின் காபியைக் கொடுத்து அந்த ஞாயிற்றுக்கிழமைக் கதையைச் சொல்வார். கடைசிவரை அந்த நன்றி அவருக்குக் குறையவே இல்லை.

1983-இல் அவர் காலமானார். புனல் கம்பெனியிலேயே இருந்தது. அதன் தாங்கியில் ஓர் அட்டை தொங்கியது. 'தட்டக்கூடாது' என்று அனிமா தி வங்காளியில் பெரிதாக எழுதியிருந்தார். கீழே அதையே தமிழில் பொடியெழுத்தில் சுந்தரேசன் எழுதியிருந்தார். அந்தக் கம்பெனியில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.