கப்பல் வூட்டு மேடம்

வீடு வரைந்து பிழைக்கும் சகாக்களே, நம் தொழிலில் வரைவது ஒன்று, எழுவது ஒன்று என்பதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் நானும் என்னோடு படித்த ரவியும் கல்மண்டபம் பகுதியில் ஒரு மீன்வலைக் கடை மாடியில் ஆபீஸ் போட்டோம். எனக்கு ஒரே ஓர் ஆசை. ஒரு கட்டிடமாவது நான் வரைந்தபடியே எழவேண்டும்.

முக்கு மனை

முதலில் வந்தவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற அந்தோணி அண்ணன். இரண்டு சந்துகள் சேரும் முனையில், தர்பூசணிக் கீற்று மாதிரி அவருடைய மனை. வேறு வழியில்லாமல் முன்பக்கத்தைக் கூராக வரைந்தேன். வெறும் சுவர், சதுர ஜன்னல், அலங்காரம் எதுவும் கிடையாது. பிளானை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தவருக்கு முகமெல்லாம் பல்.

"கப்பல் வேணும்னு நான் வாயே தொறக்கல. மனசுல கீறத எப்டி மேடம் கண்டுபுட்ச்ச?"

சதுரம் வட்டமானது

மீஞ்சூரில் வேறொரு வேலையாக இருந்ததால் சில நாள் அந்தப் பக்கம் போகவில்லை. போய்ப் பார்த்தால் ஜன்னல்களெல்லாம் வட்டமாக இருந்தன. மாடியில் குழாய்க் கம்பி, முகப்பில் சிமென்ட் நங்கூரம். யாரைக் கேட்டு இப்படிச் செய்தீர்கள் என்று மேஸ்திரியிடம் கத்தினேன். அவர் கரண்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"கப்பல்ல சதுர ஜன்னல் வெச்சா தண்ணி உள்ள வராதா மேடம்?"

வளர்ச்சி

அன்று ஆபீசுக்கு வந்து அழுதேன். ரவி டீ வாங்கிக் கொடுத்தான். கிறிஸ்துமஸுக்கு அண்ணன் கப்பல் முழுக்க சீரியல் லைட் போட்டார். பிறகு திருவொற்றியூரிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். சதுர மனைக்காரர்களுக்கும் கப்பல்தான் வேண்டியிருந்தது. வரைபலகை போய்க் கம்ப்யூட்டர் வந்தது, உட்கார இடமில்லாத அளவுக்கு ஆட்கள் சேர்ந்தார்கள், எல்லோரும் கப்பல் வரைந்தார்கள். எண்ணூர் லாரி ஷெட்காரர் ஒருவருக்கு மட்டும் எளிமையின் அழகைப் பற்றி நீளமாக வகுப்பெடுத்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ரவியைத் தனியே கூப்பிட்டார்.

"மேடம் சொல்றது ஷோக்கா கீது நைனா. அத அவங்களே கட்டிக்கட்டும், எனக்கு கப்பல் போடு."

சொந்த ஆபீஸ்

கட்டிக்கொண்டோம். திருவொற்றியூரில், கப்பல்கள் சம்பாதித்துக் கொடுத்த மனையில், வெள்ளைச் சுவரும் சதுர ஜன்னலுமாக, நான் வரைந்தபடியே. திறப்பு விழா அன்று சுவரைத் தடவிப் பார்த்தேன், கண் கலங்கியது. ஆனால் அழைத்தவர்களில் பாதிப் பேர் ஆபீசைத் தாண்டிப் போய், டீக்கடையில் வழி கேட்டுத் திரும்பி வந்தார்கள். கடைசியாக அந்தோணி அண்ணன் கைத்தடியோடு வந்தார். உள்ளே வராமல் தெருவிலேயே நின்று அண்ணாந்து பார்த்தார். என்னைப் பார்த்த பார்வையில் நிஜமான வருத்தம் இருந்தது.

"இன்னா மேடம், ஊருக்கெல்லாம் கப்பல் கட்டிக் குட்த்துட்டு, நீ மட்டும் கரையிலயே நின்னுகினு கீற?"

ஆகவே சகாக்களே, எங்கள் ஆபீஸ் கட்டிடம் இன்றும் நான் வரைந்தபடியேதான் இருக்கிறது, ஏனென்றால் பிற்பாடு மாடியில் வைத்த ஒரே ஒரு வட்ட ஜன்னலை வரைந்தவளும் நானேதான்.