பாதி கறுத்த நிலா

ஃபிரெட்ரிக்கின் குடும்பத்தில் வாத்தியார்களுக்குப் பஞ்சமில்லை. அக்காக்கள் மூவரும் சாந்தோமில் டீச்சர்கள், தம்பி ஜாஸ்பர் தலைமையாசிரியர். இவர் ஒருவர்தான் எட்டாம் வகுப்பில் அறிவியலிடம் தோற்றுப்போய் பிரஷ் பிடித்தவர். முப்பது வருடமாகச் சுவர் வேலை. வீட்டுக்காரர் மஞ்சள் என்றால் மஞ்சள், மறுபேச்சு கிடையாது. ரொம்பப் பணிவானவர் என்று ஊரில் பெயர். உண்மையில் அது அக்கறையின்மைதான். யார் வீட்டுச் சுவர் என்ன நிறமானால் அவருக்கென்ன?

அபிராமபுரத்தில் ஒரு பள்ளியின் மதிலில் சூரியக் குடும்பம் வரையும் வேலை வந்தது. ஓர் அறக்கட்டளையின் உபயம். பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்து வட்டம் போட்டு உள்ளே நிறம் அடித்தால் இரண்டு நாளில் முடிந்துவிடும். மாதிரிக்கு இருக்கட்டும் என்று அறிவியல் டீச்சர் மணிமொழி செல்போனில் படங்கள் அனுப்பினார். அங்கேதான் வந்தது வினை.

ஒன்றுபோல் ஒன்று இல்லை. வியாழனின் நிலா ஒன்று எரிமலை கக்கிய கந்தகத்தில் மஞ்சளாய்க் கிடந்தது. அதற்கு அடுத்தது கீறல் விழுந்த பனிக்கட்டி. யுரேனஸ் படுத்தபடியே சூரியனைச் சுற்றுகிறது. வெள்ளி தன்னை ஒருமுறை சுற்றிக்கொள்வதற்குள் அதற்கு ஒரு வருடமே போய்விடுகிறது. சனியின் நிலா ஒன்று பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் மாதிரி முழுக்கப் பொத்தல். ஒரு சிறுகோள், கறிக்கடை நாய் கவ்விப் போகும் எலும்பு வடிவம். ஃபிரெட்ரிக் டப்பாவை ஓரங்கட்டினார். இரண்டு நாள் வேலை ஒன்பது நாளானது.

திறப்பு விழாவுக்கு முந்தைய நாள் மாலை அறக்கட்டளையின் மேற்பார்வையாளர் கதிரேசன் படிவத்தோடு வந்தார். அவர் கையெழுத்துப் போட்டால் சுவர் பிழைக்கும். இல்லையென்றால் விடிவதற்குள் க்ரீம் கலர் அடித்து மூடிவிடுவார்கள்.

“இன்னா ஃபிரெட்ரிக், இந்த நிலாவ பாதியில வுட்டுட்ட?”

சனிக்குப் பக்கத்தில் ஓர் உருண்டை, ஒரு பாதி கரி, மறு பாதி வெள்ளை.

“முடிச்சிட்டேன் சார். அது அப்டித்தான் கீது.”

கதிரேசன் அது நிழல் என்றார். ஃபிரெட்ரிக் போனைக் காட்டி, நிழல் இல்லை, படிந்த தூசு என்றார். எதுவானாலும் வெள்ளையால் ரொப்பிவிடச் சொன்னார் கதிரேசன்.

“ரொப்புனா அது வேற நிலா சார். க்ரீம் அடிக்கிறதுன்னா அடிச்சுக்குங்க.”

முப்பது வருடத்தில் இதுதான் முதல் மறுபேச்சு. சொன்னவரே கொஞ்சம் திடுக்கிட்டார்.

கதிரேசன் விடவில்லை, வேறு குற்றம் தேடிச் சுவரோடு நடந்தார். வளையம் ஏன் செங்குத்தாக நிற்கிறது, இது ஏன் உருளைக்கிழங்கு மாதிரி இருக்கிறது என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. ஐந்தாவது கேள்விக்குள் படிவம் அக்குளுக்குப் போயிருந்தது, குரலில் இருந்த அதிகாரியும் எங்கோ போயிருந்தார். பூமியிடம் வந்ததும் நின்றார்.

“யோவ், நம்ம நிலா எங்க?”

ஃபிரெட்ரிக் பார்த்தார். ஊரார் நிலாக்களாய் இருபத்திரண்டு வரைந்திருந்தார். பூமி மட்டும் தனிக்கட்டையாக நின்றது. டீச்சரின் படங்களிலும் அது இல்லை. அதைத் தெரியாதவர்கள் யார் என்று டீச்சரும் விட்டிருப்பார்.

நிஜமான குற்றம் கிடைத்தும் கதிரேசனுக்கு அதில் சந்தோஷம் வரவில்லை. இருட்டுவதற்குள் இதைப் போட்டுவிடு, அந்தப் பாதிக் கறுப்பு இருந்துவிட்டுப் போகட்டும் என்று கையெழுத்திட்டார்.

ஃபிரெட்ரிக் சாம்பல் நிறம் கலந்து பிரஷைத் தூக்கினார். தூக்கிய கை நின்றது. கறை எந்தப் பக்கம்?

கதிரேசன் யோசித்தார். முயல் இருக்கும் என்பது வரை அவருக்கு நிச்சயம். எந்தப் பக்கம் என்பதில்தான் தகராறு. பிறந்ததிலிருந்து பார்த்த முகம். இருவரும் தெருவில் இறங்கி, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிகளுக்கு மேலே வெளிறித் தெரிந்ததை, அப்போதுதான் முதல்முறை பார்ப்பவர்களாக அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள்.