வாசிக்காமல் தட்டிய என்டர்

கீபோர்டில் முழு வார்த்தை அடிப்பதென்றால் பாண்டீஸ்வரனுக்குக் கௌரவக் குறைச்சல். கேரளத்து வண்டன்மேட்டில் ஓர் ஏலக்காய் ஏல மையம். அங்கே வியாபாரிகளின் கம்ப்யூட்டர்களை ஒன்றாகக் கோக்கும் சுவிட்சுகள் அவன் பொறுப்பு. அவற்றுக்கு எழுத்தில்தான் கட்டளை கொடுக்க வேண்டும். இரண்டெழுத்து அடித்து டேப்பைத் தட்டினால் மீதியை அதுவே முடித்துக்கொள்ளும். மேல் அம்புக்குறியைத் தட்டினால் முன்பு அடித்ததெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். இந்தக் குறுக்குவழி பிடிபட்ட நாளிலிருந்து ஆளைக் கையில் பிடிக்க முடியவில்லை. கூட வேலை பார்க்கும் சிஞ்சு ஒவ்வொரு வரியையும் வாசித்துவிட்டுத்தான் என்டர் தட்டுவாள். "அடுத்த ஏலத்துக்குள்ள முடிச்சிருவியா தாயி?" என்று அவளைச் சீண்டாவிட்டால் அவனுக்குப் பொழுதே போகாது.

அன்று ஏலம் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. தட்டுகளில் மாதிரிக் காய் சுற்றிவர, வியாபாரிகள் உடைத்துப் பார்த்து, முகர்ந்து, தரையில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். பின்வரிசையில் ஒருவருடைய கம்ப்யூட்டர் மட்டும் உறைந்துபோனது. அவருடைய இணைப்பை ஒருமுறை அணைத்துப் போட்டால் போதும். அதற்காகப் படியிறங்கவா? மாடி அறையில் இருந்தபடியே தன் கம்ப்யூட்டர் வழியாகப் பின்வரிசைகளுக்கான சுவிட்சுக்குள் நுழைந்தான். அம்புக்குறியைத் தடதடவென்று தட்டி, பழைய வரியொன்றை எடுத்து, அணைக்கச் சொல்லி என்டர் அடித்தான்.

திரை அப்படியே நின்றுவிட்டது. காலையில் அந்தச் சுவிட்சிலிருந்து மாடிக்கு வரும் மெயின் லைனைச் சோதித்திருந்தான். அம்புக்குறி கொண்டுவந்து கொடுத்தது அந்த வரியைத்தான். இப்போது பின்வரிசை மொத்தமும் அறுந்துவிட்டது. அதே லைன் வழியாக உள்ளே போயிருந்த அவனுடைய தொடர்பும் அறுந்தது; இனி மாடியிலிருந்து சரிசெய்ய முடியாது. தலைதெறிக்கக் கீழே ஓடி, சுவிட்சின் பிளக்கைப் பிடுங்கிச் செருகினான். அது மெதுவாக உயிர்பெற்று எழுந்தது.

அதற்குள் அழகுத்தாயின் சரக்குக்கு ஏலம் முடிந்துவிட்டது. சின்னத் தோட்டக்காரி அவள். அந்த முறை பறித்தெடுத்த காய் முழுக்க அந்த ஒரே குவியலில்தான் இருந்தது. விலையை ஏற்றிவிடுகிற பெரிய கைகளெல்லாம் பின்வரிசையில் செத்த திரைகளை முறைத்துக்கொண்டிருக்க, முன்வரிசை ஆள் ஒருவர் அடிமாட்டு விலைக்குத் தட்டிக்கொண்டு போனார்.

மேனேஜர் ஜிஜி ஓடிவந்தார். "எந்தா பாண்டி, நம்ம தப்பா? நம்ம தப்புன்னா அந்தச் சரக்கைத் திரும்ப ஏலம் விளிக்கணும். கரண்டுப் பிரச்னைன்னா விழுந்த விலைதான்."

"வோல்டேஜ் விழுந்திருச்சு சார்."

வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. ஜிஜி மறுகேள்வி கேட்கவில்லை. பாண்டி தப்புச் செய்வானென்று அந்தக் கட்டடத்தில் யார்தான் நினைப்பார்கள்!

விலை ஒப்புதலில் கையெழுத்துப் போடப் போன அழகுத்தாய் வழியில் நின்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏப்பா பாண்டி, மூச்சிரைக்க ஓடியாந்தியே. நீ இல்லேன்னா இந்த வெலையும் கெடைச்சிருக்காது. நல்லா இருப்பே."

அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. சீ, என்ன மனுசன் நான் என்று தன்னையே காறித் துப்பிக்கொள்ளத் தோன்றியது. அவள் பேனாவைக் கையில் வாங்கிவிட்டாள்.

"சார்!" என்று கத்திவிட்டான். ஹாலே திரும்பியது. "கரண்டு இல்ல சார். நாந்தான். வாசிக்காம மெயின் லைன அணைச்சுட்டேன்."

யாரோ சிரித்தார்கள். முன்வரிசைக்காரர் எகிறினார். சிஞ்சு தலையைக் குனிந்துகொண்டாள். அதுதான் அவனை அதிகமாகச் சுட்டது. ஜிஜி சரக்கைத் திரும்ப ஏலத்தில் விட்டார். பின்வரிசை போட்டிபோட்டு ஏற்றியதில் நியாயமான விலை படிந்தது.

அழகுத்தாய் திரும்பி வந்தாள். நாலு வார்த்தை திட்டட்டும் என்று அவன் நின்றான். அவள் திட்டவில்லை.

"நான் கையெழுத்தப் போட்டுட்டுப் பஸ் ஏறிப் போயிருந்தா, அப்பவும் சொல்லியிருப்பியாப்பா?"

கேட்டுவிட்டு அவள் பஸ்ஸுக்குப் போனாள்.