ஈரல் ஜாடி

உடைந்துபோனதாக நான் சொன்ன ஜாடி இன்றும் முழுசாக என் பீரோவில் இருக்கிறது. ஒரு சாண் உயரம், வெள்ளைக்கல், மனிதத் தலையாகச் செதுக்கிய மூடி. முகத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பித்தான் வைக்கிறேன். தூசி தட்டும்போதெல்லாம் எப்படியோ அது என்னைப் பார்த்துவிடுகிறது.

சித்தப்பா சரக்குக் கப்பலில் மெக்கானிக். கடைசிப் பயணத்தின்போது, சூயஸ் கால்வாயில் படகில் வந்து விற்ற எகிப்துக்காரனிடம் அதை வாங்கினார். பழங்காலத்து ஜாடியைப் பார்த்துச் செய்த புதுச் சரக்கு. எண்பதுகளின் கடைசியில் மஞ்சள் ஏறிய கண்ணோடு மண்ணூர்பேட்டை வீட்டுக்குத் திரும்பினார். குடி ஈரலைத் தின்றுவிட்டிருந்தது. சித்தி அந்த ஜாடியில் மாதா கோயில் எண்ணெயை ஊற்றி வைத்து, தினமும் ஜெபம் சொல்லி அவருடைய வலது விலாவுக்குக் கீழே தடவுவாள். மருந்தைவிட அதைத்தான் இருவரும் நம்பினார்கள்.

நான் அவர்கள் வீட்டில் தங்கிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். நாலெழுத்து படித்த திமிர் வேறு. நூலகப் புத்தகம் ஒன்றில் அதே ஜாடியின் படம். பிணத்தைப் பதப்படுத்தும் சடங்கில் உள்ளுறுப்புகளை எடுத்து நான்கு கல் ஜாடிகளில் வைப்பார்களாம். மனிதத் தலை மூடி போட்டது ஈரலுக்கு. சொல்லவும் பயம், சும்மா பார்த்துக்கொண்டிருக்கவும் பயம். மறுநாள் சித்தி கடைக்குப் போன நேரத்தில் ஜாடியை என் டிரங்குப் பெட்டியில் ஒளித்துவிட்டு, கை தவறி உடைந்தது, குப்பையில் கொட்டிவிட்டேன் என்றேன்.

சித்தி கத்தித் தீர்த்தாள். சித்தப்பா மட்டும், "புள்ளைய திட்டாதே. கல்லுதானே, போனா போவுது" என்று சொல்லிச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். அதன் பிறகு, பாட்டிலில் மீதி இருந்த கோயில் எண்ணெயைச் சித்தி எடுத்து வந்தாலும் தடவ விடவே இல்லை. இரண்டு மாதத்தில் போய்விட்டார்.

வருஷப் பூசை முடிந்த அன்று சித்தி காபி ஆற்றிக்கொண்டே சொன்னாள்: "ஈரலைக் காப்பாத்துற ஜாடின்னு சொல்லித்தான் படகுக்காரன் வித்தானாம். தனக்கு இன்னா கீதுன்னு அப்பவே அவருக்குத் தெரிஞ்சிருக்குடி. என்னாண்ட கூட சொல்லல."

செத்தவர்களின் ஈரல் என்பதையும் படகுக்காரன் சொன்னானா, தெரியாது. ஜாடி இருந்திருந்தாலும் அவர் பிழைத்திருக்க மாட்டார் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அவர் பிடித்துக்கொண்டிருந்ததைப் பிடுங்கியவள் நான். நினைத்தால் இப்போதும் ஓர் இடத்தில் உட்கார முடிவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, சித்தியிடமே கொடுத்துவிடலாம் என்று ஜாடியைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். வாசலைத் தாண்டுவதற்குள் ஃபோன் அடித்தது. சித்திதான். "பழம் கிழம்னு ஒண்ணும் வாங்கினு வராதே. வெறுங்கையோட வாடி." பையை இறக்கி, ஜாடியைப் பீரோவில் வைத்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினேன். அவள் சொன்னபடியே வெறுங்கையோடுதான் போனேன்.