இருபது நாள் கணக்கு

சோமசேகரன் கையில் எந்த நோட்டைக் கொடுத்தாலும் முதல் பக்கத்தைத்தான் முதலில் திருப்புவார். பிள்ளைகளின் பள்ளிக்கூட நோட்டானாலும் சரி, கோயில் திருவிழாவுக்கு யார் யார் என்ன வேலை என்று எழுதிய பட்டியலானாலும் சரி. யார் கோடு போட்டது, என்றைக்குத் தொடங்கியது, எந்தக் கட்டத்துக்கு என்ன தலைப்பு என்று பார்த்த பிறகுதான் உள்ளே போவார். கல்யாணப் பத்திரிகையைக்கூட அச்சகத்தின் பெயரிலிருந்து படிக்கிற மனுஷன் என்று விழிதியூரில் அவரைக் கேலி செய்வார்கள். அவர் அதற்குக் கோபித்துக்கொண்டதில்லை.

விழிதியூரிலிருந்து தினமும் சைக்கிள் மிதித்து வந்து, காரைக்காலில் ஓர் ஆஸ்பத்திரியில் காயப் பதிவேடு எழுதுவது அவருடைய வேலை. பிரெஞ்சுக்காரர் காலத்தில் பிரெவே என்கிற பள்ளிப் பரீட்சை தேறிச் சேர்ந்தவர். அடிபட்டு வருகிறவரின் பெயர், ஊர், தொழில், காயம் எப்படி என்பதையெல்லாம் எழுதிவிட்டு, கடைசிக் கட்டத்தில் டாக்டர் சொல்லும் ஓர் எண்ணைப் போடுவார். இந்த ஆள் எத்தனை நாள் வேலைக்குப் போக முடியாது என்பதுதான் அந்த எண். இருபதுக்கு மேல் போனால் பெயர் அடிதடிக் குற்றமாகப் போலீசுக்குப் போகும். குறைந்தால் ஆஸ்பத்திரியோடு சரி.

ஐம்பத்து நாலு நவம்பரில் நிர்வாகம் பிரெஞ்சுக்காரரிடமிருந்து இந்தியாவுக்குக் கைமாறியது. இரண்டு மாதத்தில் புதிய படிவம் வந்தது. சோமசேகரன் வழக்கம்போல் முதல் பக்கத்தைப் பார்த்தார். நாள் கணக்குக் கட்டமே இல்லை. ஒருவர் அடித்து இன்னொருவருக்குக் காயம் என்றால், நகக்கீறலானாலும் எழுதி அனுப்ப வேண்டும். அனுப்பினார். அதற்கு மேல் அப்போது யோசிக்கவில்லை.

ஐம்பத்தாறு தை மாதம் சந்தையில் ஒருவனைப் பட்டப்பகலில் குத்திக் கொன்றுவிட்டார்கள். ஊரே அதிர்ந்துபோனது. அந்த வாரமே சர்க்கார் கச்சேரியிலிருந்து ஒரு கணக்கும் வெளியே கசிந்தது. ஐம்பத்து மூன்றில் அடிதடிக் காயம் ஒன்பது. ஐம்பத்தைந்தில் நாற்பத்தொன்று.

முத்து முகம்மது மரைக்காயரின் கயிற்றுக் கடையில் வலைக்கயிறு வாங்க வருகிறவர்களைவிடப் பேப்பர் படிக்க வருகிறவர்கள் அதிகம். அன்று சோமசேகரன் சைக்கிளை நிறுத்துவதற்குள் மரைக்காயர் பிடித்துக்கொண்டார்.

"வாங்க ரிஜிஸ்தர்காரரே. ஒம்போது நாப்பத்தொண்ணு ஆயிடுச்சாமே. நாலு மடங்குக்கும் மேல! வெள்ளக்காரன் போனான், பயமும் அவனோட கப்பலேறிடுச்சு."

"ஒம்போதையும் நாப்பத்தொண்ணையும் எழுதுனது நான்தான் மரைக்காயரே. ரெண்டும் ஒரே படியால அளந்தது இல்ல."

"படியாவது மரக்காலாவது! சந்தையில ரத்தத்தக் கண்ணால பாத்தேன். ஈரக்கொல நடுங்குது. பாத்தவனுக்கு எண்ணிக்கை எதுக்குங்க?"

"அந்த ஒரு கொலைய வச்சு நாப்பத நம்புறீங்க. நாப்பத வச்சு நாளைக்கு நூற நம்புவீங்க."

"அப்ப கூடலங்கிறீங்களா?"

கூடவில்லை என்று சோமசேகரனுக்கும் தெரியாது. கூடியது என்று இந்தக் கணக்கை வைத்துச் சொல்ல முடியாது என்பது மட்டுமே தெரியும். அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கயிற்றுக் கடையில் நின்றுகொண்டு எப்படிச் சொல்வது?

மறுநாள் கருக்களாச்சேரி மீனவர் பஞ்சாயத்தைச் சேர்ந்த கருப்பையன் ஆஸ்பத்திரிக்கு வந்தான். சொக்காய் போட்ட ஆஸ்பத்திரிக்காரர் எல்லாரும் அவனுக்கு இன்னும் பிரெஞ்சு மரியாதைப்படி 'முசே'தான்.

"முசே, எங்க ஊருலதான் அடிதடி அதிகமாம். ரெண்டு இருந்தது பதினாலாச்சாம். பதினெட்டு வயசுலேருந்து நாப்பத்தஞ்சு வரைக்கும் ஆம்பள அத்தன பேரும் தெனம் சாயங்காலம் ஆறு மணிக்கு ஸ்டேஷன்ல வந்து ஒப்பம் போடணும்னு உத்தரவு வருது. திங்கக்கெழம முடிவு பண்றாங்களாம்."

"எல்லாருமா?"

"எல்லாரும். ஆறு மணிக்கு ஒப்பம் போட்டா அந்தி வலைய யாரு விடுவா? மீனு வந்து ஸ்டேஷன்ல ஒப்பம் போடுமா?" அவனே சிரித்தான். உடனே முகம் மாறியது. "அதக்கூட விடுங்க. தெனம் ஸ்டேஷனுக்குப் போறவன் வூட்டுல யாரு பொண்ணெடுப்பா? எம்மவளுக்கு மாப்ள பாத்துக்கிட்டிருக்கேன்."

கருப்பையன் போன பிறகு சோமசேகரன் இரண்டு பதிவேடுகளையும் மேசையில் விரித்தார். பதினாலு கருக்களாச்சேரிக் காயமும் அவர் கையெழுத்து. மீனவன் காயத்தோடு ஐந்தாம் நாள் கட்டுமரம் ஏறிவிடுவான். ஏறாவிட்டால் அடுப்பு எரியாது. பழைய கணக்குப்படி அவன் காயப்படாதவன். அதனால்தான் அந்த ஊருக்கு வருஷம் முழுக்க இரண்டே காயம். ஒரு கிராமமே இப்போது இதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமையும் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தார். டாக்டரின் சிகிச்சைக் குறிப்புகளை வாங்கி, ஐம்பத்தைந்தில் வந்த நாற்பத்தொரு பேரில் பழைய முறைப்படி இருபது நாளைத் தாண்டியவர்கள் யார் என்று பார்த்தார். பத்துப் பேர். அவர்களில் கருக்களாச்சேரிக்காரர் இருவர். அது போதாது என்று தோன்றியது. மீதி முப்பத்தொன்றைப் போன்ற காயங்கள் முன்பும் இருந்தன என்பதற்கு என்ன சாட்சி?

சாட்சி கம்பவுண்டர் நூர் அகமதுவிடம் இருந்தது. தையல் நூல் தீரத் தீரப் புதிதாகக் கேட்டு வாங்குவதற்காக, எந்த நாளில் எத்தனை பேருக்குத் தையல் போட்டது என்று அவர் வருஷக்கணக்காகக் குறித்து வைத்திருந்தார்.

"என்னங்க, நூலு திருடுறேன்னு யாராச்சும் மொட்டக் கடுதாசி போட்டாங்களா?" என்றார் நூர் அகமது.

"இல்ல பாய். ஒங்க நூலுதான் இப்ப ஒரு ஊரக் காப்பாத்தணும்."

ஐம்பத்து மூன்றில் அறுபத்து மூன்று பேருக்குத் தையல். ஐம்பத்தைந்தில் அறுபத்தொன்று. தூண்டில் முள்ளில் கிழித்துக்கொண்டவர்களும் அதில் உண்டு. இரண்டு வருஷத்திலும் உண்டு.

பழைய கணக்கைப் போடும்போது ஓரிடத்தில் மட்டும் பேனா நின்றது. நாற்பத்தொன்றில் ஏழு பேர் பெண்கள். பெண் வந்தால் தொழில் கட்டத்தில் 'தொழில் இல்லை' என்று எழுதுவது அவருக்கு முன்னால் இருந்தவர் பழக்கிவிட்ட வழக்கம். தொழில் இல்லாதவளுக்கு வேலை நாள் இழப்பு ஏது? ஏழு பெயரும் கணக்கிலிருந்து ஒரே கோட்டில் போயின. அதில் கருக்களாச்சேரி சௌந்தரவல்லியின் பெயரும் ஒன்று. ஆடி மாதம் புருஷன் துடுப்பால் அடித்துக் கை முறிந்து வந்தவள். முறிந்த கைக்குத் தையல் கிடையாது. நூர் அகமதுவின் குறிப்பிலும் அவள் இல்லை. ஒரே படியால் அளந்தால்தான் ஒப்பிட முடியும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அடுத்த பெயருக்குப் போனார்.

திங்கட்கிழமை கணக்கோடு கச்சேரிக்குப் போனார். உத்தரவு போடவிருந்த அதிகாரி பொறுமையாகவே கேட்டார். புதிதாக வந்தவர், ஆனால் அவசரக்காரர் இல்லை.

"அப்படியானால் இந்த ஊரில் அடிதடி கூடவில்லை என்கிறீர்களா?"

"கூடினதுக்கு இந்தக் கணக்குல சாட்சி இல்லைங்க ஐயா. எழுதுற முறை மாறியிருக்கு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

அதிகாரி தையல் குறிப்பை இரண்டு முறை பார்த்தார். உத்தரவுக் காகிதத்தை எடுத்து ஓரமாக வைத்தார். "சரி, ஒப்பம் வேண்டாம். இனிமேல் குழப்பமும் வேண்டாம். பழையபடி இருபது நாளைத் தாண்டினால் மட்டும் அனுப்புங்கள்."

"ஐயா, ரெண்டு கட்டமா வச்சுக்கலாம். எல்லாத்தையும் ஒண்ணுல..."

"ஒப்பிட முடியாது என்று இவ்வளவு நேரம் சொன்னது நீங்கள்தானே?"

சோமசேகரன் வெளியே வந்தார். வாசலில் கருப்பையனும் பத்துப் பதினைந்து பேரும் நின்றிருந்தார்கள். விஷயம் கேட்டதும் கருப்பையன் அவருடைய சைக்கிளைப் பிடுங்கி ஆஸ்பத்திரி வரைக்கும் தானே தள்ளிக்கொண்டு வந்தான். அன்று அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பங்குனியில் சௌந்தரவல்லி மறுபடி வந்தாள். அதே கை. இந்த முறை மணிக்கட்டுக்கு மேலே. டாக்டர் மட்டை வைத்துக் கட்டினார். சோமசேகரன் பெயர், ஊர், காயம் எழுதினார். போலீசுக்கு அனுப்பவில்லை. தொழில் இல்லாதவளை அனுப்பும் முறை இப்போது இல்லை.

எட்டு நாள் கழித்து அவள் பதிவேட்டு மேசைக்கே வந்து நின்றாள்.

"போன வாட்டி நீங்க எழுதி அனுப்புனீங்க. போலீசு வூட்டுக்கு வந்து அந்த ஆள அதட்டிட்டுப் போச்சு. ஏழு மாசம் கை ஓங்கல. இந்த வாட்டி ஏன் யாரும் வரல?"

அவர் சொன்னார். இருபது நாள், ஒப்பம், கருப்பையன், எல்லாவற்றையும் சொன்னார்.

"பழைய கணக்குல நான் ஏன் இல்ல?"

"தொழில் இல்லைன்னு இருக்கும்மா."

"தொழில் இல்லையா? கருக்களாச்சேரியிலேருந்து இங்க வரைக்கும் என் கூடைய ஒரு நாளு நீங்க தூக்கிப் பாருங்க. அப்பறம் எழுதுங்க, தொழிலு இருக்கா இல்லையான்னு."

சோமசேகரன் தலை நிமிரவில்லை. "அது நான் எழுதினதுதான்" என்றார்.

"அப்ப நீங்கதான் மாத்தி எழுதணும். கூடலன்னு எழுதிக் குடுத்தீங்கல்ல, கொறையவும் இல்லன்னு எழுதிக் குடுங்க. முன்னாடியும் அடிச்சான், இப்பவும் அடிக்கிறான். ஒருத்தரும் எண்ணலன்னு எழுதுங்க."

"எழுதறேம்மா. மேலிடத்துக்கு ஒரு கடுதாசி எழுதறேன்."

எழுத உட்கார்ந்தார். பெண்களின் பெயர்களையும் சேர்த்து எல்லாக் காயத்தையும் அனுப்ப வேண்டும் என்று முதல் வரி வந்தது. அனுப்பினால் எண் ஏறும். ஏறினால் கருக்களாச்சேரிக்கு ஆறு மணி ஒப்பம் திரும்பி வரும். அந்தி வலைக்குப் போகிறவர்களின் முகமும் முறிந்த அந்தக் கையும் மாறி மாறி முன்னால் வந்தன. தான் அதிகாரியிடம் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. பொய் சொல்லியிருந்தால் திருத்திவிடலாம். உத்தரவும் வராமல், பெயரும் விடுபடாமல் எழுத ஒரு வாசகம் கிடைக்கட்டும் என்று காகிதத்தை மடித்து வைத்தார்.

சௌந்தரவல்லி மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் கூடை தலையில் இருந்தது. "ஆச்சாங்க?" என்பாள். "இந்த மாசம் எழுதிடறேன்" என்பார். நாலாவது முறை எதிரே வந்தபோது அவள் கேட்கவில்லை. ஒதுங்கி வழி விட்டாள். கேட்காமல் விட்டதுதான் அவரை உறுத்தியது. ஆனாலும் எழுதவில்லை.

ஐம்பத்தொன்பது ஐப்பசியில், ஓய்வு பெற்ற மறு வருஷம், மார்வலியில் சோமசேகரன் காலமானார். விழிதியூருக்குக் கருக்களாச்சேரியிலிருந்து ஐம்பது அறுபது ஆண்கள் திரண்டு வந்தார்கள். பாடை தூக்க நான் நீ என்று முந்தினார்கள். தெருமுனையில் கூடையை இறக்கி வைத்துவிட்டு சௌந்தரவல்லியும் நின்றிருந்தாள்.

கருப்பையனுக்கு ஆச்சரியம். "நீ எங்க சவுந்தரம் இவ்வளவு தூரம்? ஒனக்கு முசேயத் தெரியுமா?"

"தெரியும். எனக்கு ஒரு கடுதாசி பாக்கி வச்சிருந்தாரு."

"என்ன கடுதாசி?"

அவள் பாடை தெருவைத் தாண்டும்வரை நின்று பார்த்துவிட்டு, எலும்பு வளைந்து கூடிய இடது கையைக் கொடுக்காமல் வலது கையால் மட்டும் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள்.