கையால் பூட்டிய அட்டை

பரிசோதனை நிலையத்தில் அவரை எல்லோரும் சிஸ்டம் சார் என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கிற அந்த ‘சார்’ போதும் அவருக்கு. அதை யாராவது விழுங்கிவிட்டால் அன்றைக்கு அவர்களுடைய கணினி சாயங்காலம் வரை சரியாகாது.

நிலையம் மூன்று மாடிக் கட்டடம். கீழே ரத்தம் எடுப்பார்கள், நடுவில் எக்ஸ்ரேயும் ஸ்கேனும், மேலே டாக்டர்கள் படத்தைத் திரையில் பார்த்து அறிக்கை எழுதுவார்கள். எல்லாப் படங்களும் மாடிப்படிக்கு அடியில் இருக்கிற ஒரு சர்வர் வழியாகத்தான் போக வேண்டும். அதில் ஓடுவது யுனிக்ஸ் வகை இயங்குதளம். மவுஸ் கிடையாது, அழகான படங்கள் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்ட வேண்டும். அந்தக் கட்டடத்தில் அது அவர் ஒருவருக்குத்தான் தெரியும், வேறு யாருக்கும் தெரிந்துவிடாமலும் அவரே பார்த்துக்கொண்டார். பின்னால் யாராவது வந்து நின்றால் திரையைத் துடைத்துவிட்டு, என்ன வேண்டும் என்பதுபோல் திரும்பிப் பார்ப்பார். சர்வரின் பாஸ்வேர்டு அவர் மண்டைக்குள் இருந்தது. அறைச் சாவி அவர் இடுப்பில் இருந்தது.

இதற்கு முன்னால் இரண்டு இடங்களில் வேலை பார்த்தார். இரண்டையும் தானே தூக்கி எறிந்துவிட்டு வந்ததாகச் சொல்லிக்கொள்வார். யார் யாரைத் தூக்கி எறிந்தார்கள் என்பதும், அதற்குப் பிறகு வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்பதும் அவர் மனைவிக்குத் தெரியும். அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாததை அவர் மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

மனைவியின் தம்பியை இதே நிலையத்தில் உதவியாளாகச் சேர்த்துவிட்டதும் அவர்தான். மச்சினன் படித்துவிட்டு இவர்கள் வீட்டிலேயே தங்கி வேலை தேடிக்கொண்டிருந்தான். மாமனார் வீட்டில் தலை நிமிர்ந்து உட்காரலாம், ஏணி தூக்க ஓர் ஆளும் கிடைக்கும் என்று கணக்குப் போட்டார். பையனுக்கு வேலை நிரந்தரமாக வேண்டும் என்றால் டாக்டரம்மா ஒரு கையெழுத்துப் போட வேண்டும். நிலையமே அந்த அம்மாவுடையது. அதுவரை தகுதிகாண் காலம்.

கணக்கு பிசகியது. பையன் கூப்பிட்ட குரலுக்கு ஓடினான், கேட்டதை முகம் சுளிக்காமல் சொல்லிக்கொடுத்தான், சொன்னதைத் திரும்பக் கேட்டாலும் திரும்பச் சொன்னான். கொஞ்ச நாளில் ரத்தம் எடுக்கிற பெண்ணிலிருந்து வாசல் காவல்காரர் வரை அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆட ஆரம்பித்தார்கள். எது நின்றாலும் ‘தம்பியைக் கூப்பிடு’ என்பார்கள். சிஸ்டம் சார் பக்கத்திலேயே நிற்பார், அவரைத் தாண்டிக்கொண்டு அந்தக் குரல் போகும். அவருக்கு வயிறு எரிந்தது. எரியத்தான் செய்யும், ஆனால் அந்த எரிச்சலை அவர் பத்திரமாக ஊதி ஊதி வளர்த்ததுதான் அசிங்கம்.

இந்த நேரம் பார்த்து சர்வரைக் கட்டடத்தின் மற்றக் கணினிகளோடு இணைக்கிற நெட்வொர்க் ஸ்விட்ச் பெட்டி கருகிப்போனது. சிஸ்டம் சார் அன்றைக்குக் காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தார். டாக்டரம்மா கடையிலிருந்து ஒரு புதுப் பெட்டியை வரவழைத்தார், பையன் அதை மாட்டினான். எல்லாம் ஓடியது. சாதாரணச் சோதனைக்கெல்லாம் இணைப்பு நன்றாகவே பதில் சொன்னது, ரத்த அறிக்கைகள் பறந்தன. எக்ஸ்ரே படம் மட்டும் கிளம்பிய இடத்திலேயே திணறியது. ஒரு முழங்கால் படம் மேல்மாடிக்குப் போய்ச் சேர்வதற்குள் முழங்காலுக்குச் சொந்தக்காரர் இரண்டு முறை கழிப்பறைக்குப் போய் வந்துவிட்டார்.

மறுநாள் சிஸ்டம் சார் வந்தார், அறையைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்தார், ஒரு கட்டளை தட்டினார். உடனே புரிந்துவிட்டது. தப்பு அவருடையது.

விஷயம் இதுதான். ஒரு கேபிளின் இரண்டு முனைகளும் சேர்ந்ததும் தங்களுக்குள் பேசி, எந்த வேகம், இரண்டு பேரும் ஒரே சமயத்தில் அனுப்பலாமா அல்லது ஒருவர் மாற்றி ஒருவரா என்று முடிவு செய்துகொள்ளும். பழைய ஸ்விட்ச் அந்தப் பேச்சில் அடிக்கடி குழம்பும். அதனால் வெகு காலத்துக்கு முன்பு இவர் இரண்டு முனையிலும் கையாலேயே பூட்டிவிட்டார்: இந்த வேகம், இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில், பேச்சுவார்த்தை கிடையாது. சர்வர் பக்கம் அதற்கு, உள்ளே இருக்கிற நெட்வொர்க் அட்டையை இயக்கும் டிரைவர் என்கிற மென்பொருளின் அமைப்பில் ஒரே ஒரு வரி. அன்றைக்கு அது நல்ல வேலைதான். ஆனால் அப்படிச் செய்ததை யாரிடமும் மூச்சு விடவில்லை. இப்போது வந்திருக்கும் பெட்டியில் கையால் மாற்ற எதுவும் கிடையாது, பேசித்தான் முடிவு செய்யும். அட்டை பதில் சொல்லவில்லை. சரி, ஒருவர் மாற்றி ஒருவர்தான் போலிருக்கிறது என்று பெட்டி தானாக நினைத்துக்கொண்டது. அட்டையோ இஷ்டத்துக்கு அனுப்பியது. சின்னச் சங்கதிகள் நழுவிப் போயின, பெரிய படங்கள் குறுகலான வாசலில் எதிரெதிராக வந்தவர்கள் மாதிரி முட்டிக்கொண்டு நின்றன.

அந்த வரியை எடுத்துவிட்டு டிரைவரை மறுபடி ஏற்றினால் போதும். கை விசைப்பலகைக்குப் போனது. அப்போது கதவுக்கு வெளியே எக்ஸ்ரே அறைப் பெண் சொல்வது கேட்டது: “சிஸ்டம் சார் உள்ளதான் இருக்காரு. இருந்து என்ன? தம்பி, நீயே பாரேன்.”

கை நின்றது. அவர் திரையைத் துடைத்தார், கதவைத் திறந்து வெளியே வந்தார், சர்வரில் ஒரு குறையும் இல்லை என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

அதற்குப் பிறகு அந்த வாரம் முழுக்க பையன் பட்ட பாட்டை அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார் என்றுதான் சொல்ல வேண்டும். அவன் கேபிளை மாற்றினான். மேஜைக்கு அடியில் தவழ்ந்தான், தூசியில் தும்மினான், சுவரோரமாகப் புதுக் கேபிள் இழுத்தான். கை ஒடிந்த கிழவர் ஒருவர், படம் எங்கேடா என்று ஒடியாத கையால் அவன் சட்டையைப் பிடித்தார். ஒரு தாய் அவனை வாய்க்கு வந்தபடி பேசினாள். அவன் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டான். சிஸ்டம் சார் நடுநடுவே டாக்டரம்மாவின் அறைக்குப் போய், பெட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது தன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்றும், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அவசரம் அதிகம் என்றும் வருத்தத்தோடு சொல்லிவிட்டு வந்தார். பெட்டியைத் தேர்ந்தெடுத்தது டாக்டரம்மாதான். அது அந்த அம்மாவுக்கே மறந்துபோகும்படி சொன்னார்.

வீட்டில் சாப்பிடும்போதும் விடவில்லை. ஒரு பெட்டியை மாட்டத் தெரியவில்லை, இவனுக்கு எவன் பெண் கொடுப்பான் என்று மனைவியைப் பார்த்துச் சிரித்தார். அவள் பரிமாறிக்கொண்டிருந்தாள். பையன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒருநாள் மதியம் அவன் சர்வர் அறை வாசலில் வந்து நின்றான். முட்டியெல்லாம் கறுப்பு.

“மாமா, என் லேப்டாப்ப அதே கேபிள்ல சொருகிப் பாத்தேன். படம் சல்லுனு போகுது. சர்வர் பக்கம் எதாவது கையால ஃபிக்ஸ் பண்ணி வச்சிருக்கீங்களா?”

“என்னைய சந்தேகப்படறியா மாப்ள? எல்லாம் ஆட்டோலதான் இருக்கு. போயி உன் வேலைய ஒழுங்கா பாரு.”

பையன் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். சரி மாமா என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் டாக்டரம்மா அவனைக் கூப்பிட்டார். கதவைச் சாத்தக்கூட இல்லை, வரவேற்பறை முழுக்கக் கேட்டது. நோயாளிகள் வேறு இடத்துக்குப் போகிறார்கள், உன்னை நம்பி நான் கடையை மூட முடியாது, நாளையிலிருந்து வர வேண்டாம். பையன் பையை எடுத்துக்கொண்டு, எக்ஸ்ரே அறைப் பெண்ணிடம் போய் வருகிறேன் என்று சொன்னான், அவள் கண்ணைத் துடைத்தாள். சிஸ்டம் சார் மாடிப்படியருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தோளில் தட்டி, மனசைத் தளரவிடாதே என்று அவனுக்கு ஆறுதல்கூடச் சொன்னார். அதற்கும் ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும்.

அவன் போன உடனே சரிசெய்தால் மதிப்பிருக்காது. அதனால் அறையைப் பூட்டிக்கொண்டு மத்தியானம் முழுக்க உள்ளே உட்கார்ந்திருந்தார். வெளியே கால் வீங்கிய, நெஞ்சு வலித்த ஜனங்கள் பெஞ்சில் காத்திருந்தார்கள். பொழுது சாய்கிற நேரத்தில் அந்த ஒரு வரியை அழித்தார், டிரைவரை இறக்கி ஏற்றினார். அட்டையும் பெட்டியும் பேசிக்கொண்டன. தேங்கியிருந்த படங்களெல்லாம் மடமடவென்று மேல்மாடிக்குப் போய்ச் சேர்ந்தன. முகத்தைக் கழுவாமல், சட்டையைக் கொஞ்சம் கசக்கிவிட்டுக்கொண்டு வெளியே வந்தார். நீங்கள் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் சார் என்று டாக்டரம்மா எல்லோர் முன்னாலும் சொன்னார்.

அந்தச் ‘சார்’ காதில் ரீங்காரமிட அவர் வீட்டுக்குப் போனார். மச்சினன் ஏற்கெனவே பெட்டி படுக்கையோடு ஊருக்குக் கிளம்பிவிட்டிருந்தான். அவன் படுக்கிற மூலையை மனைவி பெருக்கிக்கொண்டிருந்தாள். அழுகை இருக்கும், அதைத் தேற்ற வேண்டியிருக்கும் என்று வழியெல்லாம் வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டு வந்திருந்தார். அவள் அழவில்லை. தட்டு வைத்தாள், சோறு போட்டாள்.

அவரே ஆரம்பித்தார். தன்னால் ஆனமட்டும் சொல்லிப் பார்த்ததாகவும், டாக்டரம்மா பிடிவாதமாக இருந்துவிட்டதாகவும், கடைசியில் கோளாறைத் தானே கண்டுபிடிக்க வேண்டியதாகிவிட்டது என்றும் சொன்னார்.

“தெரியும்,” என்றாள் அவள். “சர்வர்ல நீங்க கையால பூட்டி வச்சதுதான் காரணம்னு நேத்தே கண்டுபிடிச்சிட்டான். பாஸ்வேர்டு இல்லாமலே பாக்க முடியுமாமே. உங்க கிட்ட வந்து கேட்டிருக்கான், நீங்க இல்லன்னுட்டீங்களாம். நேரா டாக்டரம்மாகிட்ட சொல்லட்டுமாக்கான்னு ராத்திரி என்னைக் கேட்டான்.”

நீ என்ன சொன்னாய் என்று கேட்டார் அவர், சோற்றைப் பிசைந்துகொண்டே.

“நான்தான் வேண்டாம்னேன்,” என்றாள் அவள், சோற்றுப் பாத்திரத்தை மூடியபடி. “அவன் சின்னப் பையன், எங்க போனாலும் கூப்பிட்டு வேலை குடுப்பாங்க. உங்கள யாரு வச்சுக்குவாங்க?”

அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவர் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பார். அவள் தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

“இந்த வேலையையாவது பத்திரமா பாத்துக்குங்க. என் தம்பிய குடுத்து வாங்கினது.”