ரேஸ் எஞ்சினும் என் மடியில் இருந்த மோரும்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், சித்திரை வெயில் மண்டையைப் பிளந்த ஒரு நாள், திண்டுக்கல் நாகல் நகரில் ஒரு மெக்கானிக் செட்டில் ஆரம்பித்தது இது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் பேத்திதான் எழுதுகிறாள். இந்தக் கதையில் அவளும் வருகிறாள். ஆனால் அன்றைக்கு அவள் செட்டில் இல்லை. எட்டு மாத வயிற்றோடு மலை மேல் புகுந்த வீட்டில் மாங்காய் தின்றுகொண்டிருந்தாள்.

முதலில் என் மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் ஒரே மகளைக் கட்டியவர், இவளைப் பெற்றவர். டவுனில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். தங்கமான மனுஷன். குடி கிடையாது, பீடி கிடையாது. ஒரே ஒரு பைத்தியம்தான், அவருடைய கார். நீல நிறம், முன்பக்கம் கட்டில் மாதிரி நீண்டு கிடக்கும், பேர் என் வாயில் நுழையாது. நாங்கள் அந்தக் காலத்தில் எல்லாக் காரையும் பிளசர் என்றுதான் சொல்வோம். எனக்கு இன்றைக்கும் அது பிளசர்தான். ஞாயிற்றுக்கிழமையானால் ஒரு வாளித் தண்ணீரோடு அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். என் மகள் கூப்பிட்டால் மூன்றாவது தடவைதான் காது கேட்கும்.

அந்தப் பிளசர்தான் அவர் மானத்தை வாங்கியது. பேத்தியைக் கொடைக்கானல் மலையில், பாதி ஏற்றத்தில் இருக்கும் ஒரு காப்பித் தோட்டத்து வீட்டில் கொடுத்திருக்கிறோம். தலைதீபாவளிக்கு அழைக்கத் தட்டு வரிசையோடு போனோம். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறினதும் எஞ்சின் கொதித்து, ஒரு கொண்டை ஊசி வளைவில் புகையைக் கக்கிவிட்டு நின்றுபோனது. சம்பந்தி ஜீப்பைக் கொண்டுவந்து கயிறு கட்டி இழுத்துப் போனார். ஆப்பிளும் அதிரசமும் மடியில் இருக்க, நாங்கள் சந்தைக்குப் போகிற மாடு மாதிரி பின்னாலேயே போனோம். தெருவே வாசலில் நின்று பார்த்தது. சம்பந்தி நல்லவர்தான், வாய்தான் சும்மா இருக்காது.

"அடுத்த தடவ வாரப்ப முன்னாடியே போன் போட்டுருங்க சம்பந்தி. கயித்தோட அந்த வளைவுலயே நிக்கிறேன்" என்றார்.

மாப்பிள்ளை சிரித்தார். ஆனால் அன்றைக்கு இலையில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. மாமியார் கண்ணுக்கு இலைதானே முதலில் தெரியும்.

ஒட்டுப் போட்டு ஓட்டிப் பார்த்தும், பங்குனியோடு அந்த எஞ்சின் இனித் தேறாது என்று ஆகிவிட்டது. வேறு எஞ்சின் மாற்ற வேண்டும். ஒரு மாதத்தில் பேத்திக்கு வளைகாப்பு, முடிந்த கையோடு அவளைப் பிரசவத்துக்குக் கீழே கூட்டிவர வேண்டும். வாடகைக் கார் வைத்துக்கொள்ளலாம் என்றாள் என் மகள். "என் மகள என் வண்டியிலதான் கூட்டிட்டு வருவேன்" என்று ஒரே பிடியாக நின்றார் மாப்பிள்ளை.

அன்றைக்கு நான் என் ஊரான அகரத்திலிருந்து முருங்கைக்கீரையும் ஒரு தூக்குவாளி மோரும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறி அவர் கடையில் இறங்கினேன். "அத்தே, செத்த நேரம். எஞ்சினப் பாத்துட்டு அப்படியே வீட்டுக்குப் போயிருவோம்" என்று என்னையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டார்.

செட்டில் எங்கள் பிளசர் வாயைத் திறந்தபடி, உள்ளே ஒன்றுமில்லாமல் நின்றது. கிட்டத்தட்ட என் வாய் மாதிரிதான் இருந்தது. மெக்கானிக் ஒரு பாய், நாற்பத்தைந்து வயது இருக்கும். எஞ்சினைக் காட்டுவதற்கு முன்னால் அவர் கேள்வி கேட்டார். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட அவ்வளவு கேட்க மாட்டார்கள். வண்டி எங்கே ஓடும், தினமும் எவ்வளவு தூரம், யார் யார் உட்காருவார்கள், ஏசி போடுவீர்களா, மலைக்கு எத்தனை தடவை.

"பெரும்பாலும் பைபாஸ்தான் பாய். நூறுக்குக் கீழ எனக்கு ஓட்ட வராது" என்றார் மாப்பிள்ளை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த மனுஷன் நாற்பதுக்கு மேல் போய் நான் பார்த்ததே இல்லை. வீட்டிலிருந்து கடை, கடையிலிருந்து வீடு, வெள்ளிக்கிழமை கோயில். தாடிக்கொம்பு ரோட்டில் பால்காரர் சைக்கிளில் எங்களை முந்திப் போவார். போகிற போக்கில் திரும்பி எனக்கு ஒரு வணக்கம் வேறு வைப்பார். நாய் குறுக்கே வந்தால் நாய் போய், அதன் குட்டிகளும் போய், அப்புறம்தான் எங்கள் வண்டி கிளம்பும்.

பாய்க்கு என்ன சந்தேகமோ, என் பக்கம் திரும்பினார். "பெரியம்மா, அண்ணன் எப்படி ஓட்டுவாரு?"

எங்கள் ஊர்ப் பக்கத்தில் மாப்பிள்ளை நின்றால் மாமியார் உட்கார யோசிப்பாள். அதிலும் வெளி ஆள் முன்னால் அவர் பேச்சை மறுத்துப் பேசுவது நடக்கிற காரியமா? அந்த இலையில் கிடந்த பாதிச் சோறு வேறு ஞாபகத்துக்கு வந்தது.

"எங்க மாப்ள ஓட்டுனா காத்தே தோத்துப்போகும்" என்றேன்.

மாப்பிள்ளை முகம் விளக்கேற்றின மாதிரி ஆகிவிட்டது. எனக்கும் மனசு குளிர்ந்துபோனது. ஒரு பொய்க்கு இவ்வளவு ருசியா என்று இருந்தது.

பாய் இரண்டு எஞ்சின் காட்டினார். ஒன்று தரையில் கிடந்தது, மோதி நொறுங்கின காரிலிருந்து கழற்றியதாம். பார்த்தால் எண்ணெய் இறங்கின பணியாரச் சட்டி மாதிரி இருந்தது. இன்னொன்று ஒரு சிவப்புக் காருக்குள் இருந்தது. கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் ரேஸுக்கென்று உள்ளே செதுக்கி மாற்றின எஞ்சின். இப்போது அதைக் கழற்றி விற்றுவிட்டு வேறு போடச் சொல்லி விட்டுப் போயிருக்கிறார். பாய் அதைக் கிளப்பினதும் தகர ஷீட்டெல்லாம் ஆடியது. என் நெஞ்சுக்கூடே ஆடியது. ஆனால், உள்ளதைச் சொன்னால் என்ன, எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

"ரேஸ் எஞ்சின் சுத்தச் சுத்தத்தாண்ணே பலம் குடுக்கும். மெதுவா போனா மூச்சு முட்டும், சீக்கிரம் சூடேறும். தரையில கெடக்கே, அதுவும் உங்க பழசுக்கு ஒன்றரைப் பங்கு பலம். அது மெதுவா போறப்பவும் அடிமட்டத்துல இருந்தே இழுக்கும்" என்றார் பாய்.

மாப்பிள்ளை தரையில் கிடந்ததைத் திரும்பியும் பார்க்கவில்லை. சரி, சிவப்பு வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள் என்றார் பாய். மாப்பிள்ளை ஸ்டியரிங்கில், பாய் பக்கத்தில், நான் பின்னால், மடியில் மோர்த் தூக்கு. மூடி கொஞ்சம் தளர்வு, துணி வைத்து இறுக்கியிருந்தேன்.

பள்ளிக்கூடம் விடுகிற நேரம். ஆட்டோ, சைக்கிள், தள்ளுவண்டி என்று ரோடு நிறைந்து கிடந்தது. மாப்பிள்ளை வழக்கம்போல மெதுவாகத்தான் போனார். வண்டிக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. திக்குவாய் மாதிரி இழுத்து இழுத்து உதறியது. பாலத்து ஏற்றத்தில் நின்றே போய்விட்டது. பின்னால் உருண்டது. பின்னாலிருந்த மினிபஸ்காரர் ஆரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. மாப்பிள்ளை பதறிப்போய்க் காலை அழுத்திக் கிளப்பினாரோ இல்லையோ, வண்டி ஒரே பாய்ச்சல். துணியும் மூடியும் எங்கேயோ போனது. தூக்கில் இருந்த மோர் அத்தனையும் என் மேல். கழுத்தில் கறிவேப்பிலை ஒட்டிக்கொண்டது.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். இந்த வயதில் இப்படிப் பறப்பேன் என்று யார் நினைத்தது? பாய்கூடச் சிரித்தார். மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை, கழுத்து வரைக்கும் வேர்த்திருந்தது.

செட்டுக்குத் திரும்பியபோது சிவப்பு வண்டி கொதித்துக்கொண்டிருந்தது. "பழகிட்டா சரியாயிரும். இதையே மாட்டுங்க பாய்" என்றார் மாப்பிள்ளை.

"ஆர்டிஓ ஆபீசுல எழுதிக் குடுத்துட்டுத்தான் கை வைக்கணும்ணே. ஒரு ராத்திரி யோசிச்சு, நாளைக்குக் காலைல வந்து சொல்லுங்க" என்றார் பாய். சொல்லும்போது அவர் பார்த்தது என்னை.

இறங்கும்போதுதான் குனிந்து மடியைப் பார்த்தேன். தூக்கு இருந்த இடம் நனைந்து வயிற்றோடு ஒட்டியிருந்தது. அடுத்த மாதம் இதே மாதிரி ஒரு சீட்டில் பேத்தி உட்காருவாள். அவள் மடியில் தூக்கு இருக்காது, வயிறு இருக்கும். என் சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்தும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கழுவின தூக்கையே மறுபடி கழுவினேன். வாசலுக்குப் போனேன், அடுப்படிக்கு வந்தேன், கீரையை ஆய்ந்து குப்பையில் காம்புக்குப் பதில் இலையைப் போட்டேன். மகள் விஷயத்தைக் கறந்துவிட்டாள்.

"நீ ஒண்ணும் வாயைத் தொறக்காத. நீ பேசிட்டு ஊருக்குப் போயிருவ. அப்புறம் இங்க அவுக மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரியிறத யாரு பாக்குறது?" என்றாள். அதுவும் நியாயம்தான்.

மறுநாள் காலையில் மாப்பிள்ளை கிளம்புகிற அவசரத்தில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் சட்னி வைக்கிற சாக்கில் போய், சுவரைப் பார்த்தபடி எங்கள் கிணற்றுக் கதையை ஆரம்பித்தேன். என் வீட்டுக்காரர் பக்கத்துத் தோட்டத்துக்காரரைப் பார்த்துவிட்டு, எங்கள் கிணற்றிலும் ஏழரை ஹெச்பி மோட்டார் இறக்கினார். தண்ணீர் யானைத் தும்பிக்கை மொத்தத்துக்கு வந்தது. பத்தே நிமிஷம். அப்புறம் கிணறு வறண்டு வெறும் காற்றாக இழுத்தது. எங்கள் ஊற்று மூன்று ஹெச்பிக்குத்தான் தாங்கும். அதை அவரிடம் சொல்ல நான் பயந்துகொண்டு இருந்துவிட்டேன். அந்த வருஷம் வெங்காயம் கருகிப்போனது.

"அத்தே, சுத்தி வளைக்காதீக. என்ன சொல்ல வாரீக?"

அடுப்படியில் மகள் கரண்டியை டங்கென்று வைத்தாள்.

"கோவிச்சுக்கிறாதீக மாப்ள. நேத்து பாய்கிட்ட நான் சொன்னது பொய். நீங்க நாப்பதுக்கு மேல போனதே இல்ல. அதனாலதான் எந்த வண்டியிலயும் பொட்டுக் கண்ண மூடாத நானு, உங்க வண்டியில மட்டும் வாயப் பொளந்து தூங்குறேன். அந்தச் செவப்பு வண்டியில பிள்ளத்தாச்சிப் பிள்ளைய உக்கார வைக்காதீக."

தட்டில் ஒன்றரை இட்லி மிச்சம். கையைக் கழுவிவிட்டுப் போய்விட்டார்.

நானும் அடுத்த பஸ்ஸில் அகரம் வந்து சேர்ந்தேன். அந்த ஒரு மாதம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பூப்பறிக்கப் போனால் மொட்டை விட்டுவிட்டு இலையைக் கிள்ளுவேன். மகளுக்குப் போன் போட்டால், "வண்டி ரெடியாகுது" என்பாள். எந்த எஞ்சின் என்றால், "எனக்கெங்க தெரியும், என்கிட்டயே பேச்சக் கொறச்சுட்டாக" என்பாள். போனை வைத்த பிறகும் காதிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

வளைகாப்பன்று காலையில் பிளசர் அகரத்தில் என் வாசலில் வந்து நின்றது. தகரமும் ஆடவில்லை, என் நெஞ்சும் ஆடவில்லை. வந்ததே தெரியாமல் வந்து நின்றது. எனக்கு உடனே கேட்டுவிட வேண்டும் போல இருந்தது. கேட்கவில்லை. "வாங்க அத்தே" என்றதோடு அவரும் நிறுத்திக்கொண்டார். பேத்திக்குப் பிடிக்குமென்று தூக்கில் மோர் எடுத்திருந்தேன். இந்தத் தடவை மூடிக்கு இரண்டு துணி.

வத்தலக்குண்டு தாண்டி ஏற்றம் ஆரம்பித்தது. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வண்டி முனகாமல் ஏறியது. அந்த வளைவு வந்தது. சொன்ன மாதிரியே சம்பந்தி ஜீப்பை ஓரங்கட்டி, கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, வாயெல்லாம் சிரிப்பாக நின்றார். மாப்பிள்ளை அந்தச் செங்குத்து ஏற்றத்திலேயே வண்டியை நிறுத்தினார். நாகல் நகர்ப் பாலம் கண்ணுக்குள் வந்து போனது.

"என்ன சம்பந்தி, கயிறு வேணுமா?"

"நீங்களே வச்சுக்கங்க. பேரப்பிள்ளைக்குத் தொட்டில் கட்ட ஆகும்" என்றார் மாப்பிள்ளை. பிரேக்கிலிருந்து காலை மெல்ல எடுத்தார். வண்டி ஒரு விரல்கூடப் பின்னால் போகாமல், நின்ற இடத்திலிருந்து அப்படியே மேலே போனது. உள்ளே இருந்தது, செட்டில் தரையில் கிடந்த அந்தப் பணியாரச் சட்டிதான்.

அன்றைக்கு அந்த வீட்டில் மாப்பிள்ளை இலையைப் பார்த்தேன். இரண்டு தடவை பாயசம் வாங்கினார். அப்பளத்துண்டுகூட மிச்சமில்லை.

சாயங்காலம் பேத்தியோடு இறங்கினோம். கை நிறைய வளையல், என் தோளில் சாய்ந்து இரண்டாவது வளைவிலேயே தூங்கிவிட்டாள். தூங்கவே இல்லை என்கிறாள் இப்போது. வாய் திறந்திருந்ததை நான்தானே பார்த்தேன். அவள் குடித்தது போகத் தூக்கில் இன்னும் அரை வாசி மோர் இருந்தது. மலை முடிந்து சமதரை வந்தது. மாப்பிள்ளை கண்ணாடியில் என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"அத்தே, தூக்கு எப்படி இருக்கு?"

தொட்டுப் பார்த்தேன். துணி காய்ந்தே இருந்தது. "ஒரு சொட்டு சிந்தல மாப்ள."

"நாப்பதுலதான் போறேன்" என்றார்.

பதினெட்டு நாள் கழித்து அதே வண்டியில், அதே நாற்பதில், வலி எடுத்த பேத்தியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். இப்போது அவள் மகன் பக்கத்தில் உட்கார்ந்து, இந்தப் பேனாவைப் பிடுங்கப் பார்க்கிறான். நான் இன்றைக்கும் நாலு பேரைப் புகழ்ந்து பேசுகிறவள்தான், அதை விட முடியாது. ஆனால் யாராவது ஒரு காரியத்துக்கு என்னைச் சாட்சி கேட்டால், வாயில் இனிப்பாக ஒரு பொய் வருவதற்குள் மடியில் அந்த மோர்த் தூக்கு வந்து உட்கார்ந்துகொள்கிறது.